மே மாதத்தில் பார்த்த வீடு

பதினான்கு அட்டைப்பெட்டிகளைப் போன வாரம்தான் பிரித்து முடித்தேன்.

புது வீட்டுக்குப் போய்ப் பிரிக்கவில்லை. எந்த வீட்டில் கட்டினோமோ, அதே வீட்டில், அதே ஹாலில் உட்கார்ந்து பிரித்தேன். கட்டும்போது வராத முதுகுவலி பிரிக்கும்போது வந்தது. 'மிக்ஸி — ஜாக்கிரதை' என்று நானே மார்க்கரில் எழுதிய பெட்டியைத் திறந்து, மிக்ஸியை எடுத்து, அது ஏற்கெனவே இருந்த இடத்தில் வைத்தேன்.

"உனக்கு வேற வேலையே இல்லையா?" என்று என் கணவர் மூர்த்தி கேட்கவில்லை. கேட்கிற முகத்தோடு நின்றார். அது அதைவிட மோசம்.

இந்தப் பக்கத்தை வழக்கமாக வாசிக்கிறவர்களுக்கு ஞாபகம் இருக்கும். போன வருஷம் இதே சமயத்தில்தான், சென்னையை விட்டு ஊரோடு வந்துவிட்டேன், இரணியல் பக்கம் முற்றமும் மாமரமுமாக ஒரு வீடு பிடித்துவிட்டேன் என்று பெருமை அடித்திருந்தேன். 'குழந்தையோடு இடம் மாறுகிறவர்களே, டவுனில் போய் மாட்டிக்கொள்ளாதீர்கள்' என்று கடைசியில் உபதேசம் வேறு! அதை நம்பி யாராவது வீடு மாறியிருந்தால்... என்னைத் திட்டிக்கொள்ளுங்கள். நியாயம்தான்.

நடந்ததைச் சொல்கிறேன்.

எனக்கு வங்கி வேலை. பிறந்தது நாஞ்சில் நாட்டு வயற்காட்டு ஊர் ஒன்றில்; குப்பை கொட்டியது பதினாறு வருஷம் சென்னையில். மூர்த்தி சென்னைக்காரர். அவருக்கு ஒரு லேப்டாப்பும் நெட்டும் இருந்தால் போதும், எங்கே உட்கார்ந்தாலும் சம்பளம் வந்துவிடும். ஒரே மகள் மித்ரா. இப்போது பத்து வயது. சென்னையில் நாங்கள் இருந்தது ஏழாவது மாடி.

மித்ரா தொந்தரவு இல்லாத பிள்ளை. அதுதான் பிரச்சினையே. மூன்றாம் வகுப்பில் அவளுடைய டீச்சர் என்னை உட்காரவைத்துச் சொன்னார், "விளையாட யாராவது கூப்பிட்டா போவா மேடம். கூப்பிடலைன்னா நின்ன இடத்துலயே நிப்பா." அன்று வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் அந்த வாக்கியம் என் காதிலேயே இருந்தது. ஏழாவது மாடிக்கு வந்து யார் கூப்பிடப் போகிறார்கள்?

நாகர்கோவில் கிளைக்கு மாற்றல் கேட்டு எழுதிப் போட்டேன். ஒரு வருஷம் இழுத்தடித்து, போன வருஷம் ஏப்ரலில் கிடைத்தது. உடனே அடுத்த கேள்வி — டவுனிலா, வெளியிலா?

டவுனுக்குள்ளே என்று சொன்னவர்கள் ஒரு கட்சி. பள்ளிக்கூடம் பக்கம், ஆஸ்பத்திரி பக்கம், பாட்டு கிளாஸ் பக்கம். வெளியே என்று சொன்னவர்கள் இன்னொரு கட்சி. காற்று, முற்றம், கிணற்றுத் தண்ணீர். எந்தக் கட்சிக்காரரிடம் தூரம் கேட்டாலும் ஒரே பதில்தான் வந்தது. "பக்கந்தான், பத்து நிமிஷம்." நம்ம மாவட்டத்தில் தூரம் என்று ஒன்று கிடையவே கிடையாது, கவனித்திருக்கிறீர்களா? ஒரு கோடியில் இருக்கிற களியக்காவிளையிலிருந்து மறு கோடி கன்னியாகுமரி எவ்வளவு தூரம் என்று கேட்டாலும் 'பக்கந்தான்' என்று சொல்ல ஓர் ஆள் நிற்பார்.

இரண்டு வீடு பார்த்தோம். முதலாவது, நாகர்கோவிலில் இரண்டாவது மாடி ஃப்ளாட். நல்ல வீடு. பள்ளிக்கூடத்துக்கு நடந்தே போகலாம். ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவர். மித்ரா ஹாலில் நின்று அந்தச் சுவரைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ஓகேம்மா" என்றாள். அவள் எல்லாவற்றுக்கும் ஓகேம்மாதான்.

இரண்டாவது, டவுனுக்கு வெளியே, இரணியல் பக்கத்து வீடு. மே மாதம் இரண்டாவது வாரம், சாயங்காலம் நாலரை மணி. காரை விட்டு இறங்கும்போதே தெருவில் ஒன்பது பிள்ளைகள்! நான் எண்ணினேன். கள்ளன் போலீஸ் விளையாட்டு. ஒருத்தன் மதில் மேல், இரண்டு பேர் எங்கள் காருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு மூச்சைப் பிடித்தபடி. வீட்டுக்காரர் தங்கப்பன் அண்ணாச்சி, இரணியலில் பலசரக்குக் கடை வைத்திருப்பவர், சாவியோடு நின்றார்.

"பாருங்கோ மக்ளே, பிள்ளைக்கு ஒரு சங்கடமும் வராது. எந்நேரமும் தெருவுல ஒரே பெகளமாக்கும்" என்றார். பெகளம் என்றால் கூச்சலும் கும்மாளமும். மூர்த்திக்கு நான் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை, அவர் காதே சொன்னது.

அப்போது ரெட்டைப் பின்னல் போட்ட ஒரு பெண் மித்ராவைப் பார்த்து, "ஏட்டி, நீ வாறியா?" என்றாள். நந்தனா என்று பெயர், பிறகு தெரிந்தது. மித்ரா என்னை ஒரு தடவை பார்த்தாள். செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடினாள். என் மகள் ஓடி நான் பார்த்தது, உண்மையைச் சொன்னால், அதுதான் முதல் தடவை.

நான் அடுக்களையைப் பார்க்கவில்லை. பாத்ரூம் எத்தனை என்று கேட்கவில்லை. "எப்ப குடி வரலாம் அண்ணாச்சி?" என்றேன்.

மே கடைசியில் குடி வந்தோம். ஜூன் பிறந்தது.

முதலில் போனது ஒரு சென்னைக் குடும்பம். அப்புறம் ஒரு புனே, ஒரு ஹைதராபாத். கடைசியாக நந்தனா, பெங்களூருக்கு. ஒவ்வொருவராக டிராலி பையை உருட்டிக்கொண்டு ரயிலுக்குப் புறப்பட்டார்கள். புறப்படும்போது ஒவ்வொருவரும் எங்கள் கேட்டில் ஒரு நிமிஷம் நின்றார்கள்.

"அக்கா, நீங்க இங்கதான இருக்கிய? வைகிட்டு ஆறு மணிக்கு ஒரு லைட்டு மட்டும் போட்டா போதும். வீட்டுல ஆளு உண்டுன்னு தெரியணும்லா."

சாவியைக் கையில் வைத்துவிட்டுப் போனார்கள். எதிர் வீட்டுக்காரர் சுகுமாரன் தோஹாவில் இருக்கிறார். பையன் பன்னிரண்டாம் வகுப்பு என்பதால் அந்த வருஷம் அவர்கள் வரவே இல்லை. அந்த வீட்டுச் சாவியை அண்ணாச்சியே கொண்டுவந்து கொடுத்தார். ஆக, ஜூன் இரண்டாம் வாரத்தில் என்னிடம் ஐந்து வீட்டுச் சாவி இருந்தது. தெருவில் பிள்ளைகள்... ஒன்று. என்னுடையது.

பதின்மூன்று வீட்டுத் தெரு அது. ஐந்து பூட்டு. மீதியில் ஓய்வு பெற்றவர்கள், கல்லூரிக்குப் போகிற பையன்கள், ஒரு தையல் யூனிட். பிள்ளைகள் இருக்கிற வீடுகள் மெயின் ரோட்டுக்கு அந்தப் பக்கம். பஸ் பறக்கிற ரோடு. அந்தப் பிள்ளைகளும் ஏழரை வரை டியூஷனில்.

அண்ணாச்சி பொய் சொன்னாரா? இல்லையே. அவர் சொன்னது மே மாதத்தில் முழு உண்மை.

வெளியூர்க்காரி ஒருத்தி இப்படி ஏமாந்தால் சரி. நான் இந்த மண்ணில் பிறந்தவள். நம்ம ஆட்கள் எங்கே பிழைத்தாலும் 'வீடு' என்று சொல்வது பூட்டிக் கிடக்கிற வீட்டைத்தான் என்று எனக்குத் தெரியாதா? "வீட்டுக்கு எப்ப வந்திய?" என்றுதானே கேட்டுக்கொள்கிறோம். பன்னிரண்டு வருஷம் பெங்களூரில் இருந்தாலும் பெங்களூர் 'அங்க'. என் சித்தப்பா மகன் வீடே அப்படித்தான் பூட்டிக் கிடக்கிறது. அந்த ஒன்பது பிள்ளைகளும் "இதாக்கும் எங்க வீடு" என்று கை காட்டியபோது, 'லீவுக்கு வந்திருக்கிறீர்களா?' என்று ஒரு கேள்வி கேட்கத் தோன்றவில்லை. புத்தி எங்கே போயிற்று என்று இப்போதும் தெரியவில்லை.

லைட் போடுகிற வேலையை மித்ராவிடம் கொடுத்தேன். பொறுப்பு வரும் என்று ஒரு நினைப்பு! காலை ஏழு மணிக்குப் பள்ளி வேனில் ஏறுகிறவள் நாலே முக்காலுக்கு வந்து இறங்குவாள். ஊரெல்லாம் சுற்றிப் பிள்ளைகளை இறக்கிவிட்டு வருகிற வேன். பால் குடிப்பாள், ஹோம்வொர்க் எழுதுவாள், ஆறு மணிக்குச் சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு கிளம்புவாள். ஐந்து வீட்டு வாசலிலும் லைட் எரியும். பஸ்ஸை விட்டு இறங்கி நான் தெருவுக்குள் வரும்போது பார்க்க ஜோராகத்தான் இருக்கும்... எல்லா வீட்டிலும் ஆள் இருப்பது போல.

முதலில் பத்து நிமிஷத்தில் வந்துவிடுவாள். அப்புறம் இருபது நிமிஷம் ஆயிற்று. அப்புறம் அரை மணி. விளையாடுகிறாளாக்கும் என்று விட்டுவிட்டேன். யாரோடு விளையாடுகிறாள் என்று கேட்டிருக்க வேண்டாமா?

ஐப்பசி மழை. ஒருநாள் நான் வீட்டுக்கு வரும்போது ஆறே முக்கால். மூர்த்தி மீட்டிங்கில் இருந்தார். மித்ரா வீட்டில் இல்லை. குடையைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு வீடாகப் பார்த்தேன். நாலாவது, நந்தனாவின் வீடு. கதவு சும்மா சாத்தியிருந்தது.

உள்ளே ஹாலில், தரையில், பாம்புக்கட்டம், அதாவது பரமபதம். மித்ரா இந்தப் பக்கம் உட்கார்ந்து தாயக்கட்டையை உருட்டினாள். சிவப்புக் காயை நகர்த்தினாள். அப்புறம் எழுந்தாள். சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனாள். உட்கார்ந்தாள். உருட்டினாள். நீலக் காயை நகர்த்தினாள். மறுபடியும் எழுந்து இந்தப் பக்கம் வந்தாள்.

நான் நிற்பதைப் பார்த்தும் அவள் பதறவில்லை. "இரும்மா, முடிஞ்சிரும்" என்றாள்.

"யாரு ஜெயிக்கிறா?"

"நந்தனாதான். நான் ரெண்டு தடவை தோத்துட்டேன்."

அவள் அழவில்லை. சோகமாகக்கூடச் சொல்லவில்லை. கிரிக்கெட் ஸ்கோர் சொல்கிற மாதிரி சொன்னாள். எனக்குத்தான் தாங்க முடியவில்லை. அடுக்களைப் பக்கம் போய், அடுத்தவர் வீட்டு சிங்க்கில் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன்.

அன்றைக்கே மூர்த்தியிடம் சொன்னேன், "பரீட்சை முடிஞ்சதும் டவுனுக்குப் போறோம்."

மூர்த்தி அதிகம் பேச மாட்டார். பேசினால் குத்தும். "டவுன்ல பசங்க இருப்பாங்கன்னு யாரு சொன்னா? ஏழாவது மாடியும் டவுன்லதான் இருந்துச்சு."

எனக்குக் கோபம் வந்தது. அதனால் அன்றைக்கு அவருக்குத் தோசை கொஞ்சம் கருகிப்போனது.

மாசியில் மண்டைக்காட்டு அம்மன் கோயில் கொடை விழா வந்தது. சென்னைக் குடும்பம் ஊருக்கு வந்தது. கார் சத்தம் கேட்டதுமே மித்ரா கேட்டுக்கு ஓடினாள். காரிலிருந்து இறங்கியது புருஷனும் பெண்டாட்டியும் மட்டும். "பிள்ளையள கூட்டிட்டு வரல்லியா?" என்றேன். "பரீட்சைல்லா அக்கா, எங்க அம்மகிட்ட விட்டுட்டு வந்தாச்சு" என்றார் அந்தப் பெண். மித்ரா திரும்பி வந்து, அவர்கள் வீட்டுச் சாவியைக் கொத்திலிருந்து கழற்றிக் கொடுத்துவிட்டு வந்தாள்.

நான் வீடு தேடத் தொடங்கினேன். இந்தத் தடவை ஒரு வைராக்கியம் — வேலை நாளில், சாயங்காலம் ஐந்து மணிக்கு மட்டும்தான் பார்ப்பது. வங்கியில் பர்மிஷன் போட்டுவிட்டு, நாகர்கோவிலில் ஒரு புரோக்கரோடு அலைந்தேன்.

அவர் பாவம், மாடுலர் கிச்சனைத் திறந்து திறந்து காட்டினார். நான் மாடிப்படியில் கிடக்கிற சின்னச் செருப்புகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

"எல்லாரும் தண்ணி எப்பிடி, வாஸ்து எப்பிடின்னு கேப்பாவ. நீங்க என்ன மேடம், பிள்ளையள எண்ணிட்டு நிக்கிய?"

"அண்ணே, இந்தப் பிள்ளைங்க எல்லாம் இப்ப எங்க?"

"டியூசனுக்குப் போயிருக்கும். ஞாயித்துக்கிழம வந்து பாருங்க, கெடந்து ஆடும்."

ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் எனக்கு எதற்கு? வாரத்தில் மற்ற ஆறு நாளும் என் பிள்ளை என்ன செய்யும்? ஒன்பது இடம் பார்த்தோம். எட்டு இடத்தில் சைக்கிள் நின்றது, ஓட்ட ஆள் இல்லை. மூர்த்தி சொன்னது சரிதான். அதை அவரிடம் சொல்லவில்லை. ஒன்பதாவது இடத்தில், ஒரு காம்பவுண்டுக்குள் ஆறு வீடு, புதன்கிழமை ஐந்தே கால் மணிக்கு நாலு பிள்ளைகள் ஷட்டில் அடித்துக்கொண்டிருந்தார்கள். டோக்கன் அட்வான்ஸ் கொடுத்தேன். ஜூன் ஒன்றாம் தேதி குடி போவதாகப் பேச்சு.

பெட்டி கட்ட ஆரம்பித்தோம். அதற்குள் மே வந்துவிட்டது. மேயோடு பிள்ளைகளும் வந்தார்கள். நந்தனா ஒரு சாண் வளர்ந்திருந்தாள். தெரு முழுக்க மறுபடியும் பெகளம். மித்ரா காலையில் போனால் சாப்பாட்டுக்குத்தான் வந்தாள். "இப்படியே இருந்துட்டா..." என்று நான் ஆரம்பித்ததும், மூர்த்தி டேப்பைக் கிழித்துப் பெட்டியில் ஒட்டினார். சரி, சரி, தெரியும்.

ஒரு சனிக்கிழமை நாலரை மணிக்கு தங்கப்பன் அண்ணாச்சி வந்தார். கூடவே ஒரு குடும்பம். எங்களுக்கு அடுத்துக் குடி வரப் போகிறவர்களாம், வீடு பார்க்க வந்திருந்தார்கள். கணவருக்குப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் வேலை கிடைத்து, திருச்சியிலிருந்து மாறி வருகிறார்கள். மனைவி சுனிதாவுக்குச் சொந்த ஊர் குழித்துறைப் பக்கம். எட்டு வயதில் ஒரு பெண். ரோஷினி. ஒரே பிள்ளை.

அண்ணாச்சி தெருவைப் பார்த்துக் கையை நீட்டினார். "பாருங்கோ மக்ளே, பிள்ளைக்கு ஒரு சங்கடமும் வராது. எந்நேரமும் தெருவுல ஒரே பெகளமாக்கும்."

ஓர் எழுத்து மாறவில்லை.

சுனிதாவின் முகத்தைப் பார்த்தேன். அந்த மலர்ச்சி எனக்குத் தெரியும். போன வருஷம் அதே இடத்தில் நின்று நானும் அப்படித்தான் மலர்ந்தேன். அவளும் அடுக்களையைச் சரியாகப் பார்க்கவில்லை. பேருக்கு எட்டிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி என்னிடம் கேட்டாள், "அக்கா, நீங்க ஏன் மாறுதிய? வீட்டுல வல்ல குழப்பமும் உண்டா? தண்ணி கொள்ளாமா?"

அண்ணாச்சி ஹாலில் நின்றார், காதில் விழுகிற தூரம். ஒரு வருஷமாக ஒரு குறையும் வைக்காத மனுஷன். குடி வருகிற ஆளைக் கெடுத்துவிட்டோம் என்று ஆகிவிடக் கூடாதே!

"தண்ணி நல்லா இருக்கு" என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். வாரா வாரம் உங்களுக்கெல்லாம் நேர்மை, துணிச்சல் என்று எழுதுகிற அதே வாய். வெட்கமாகத்தான் இருந்தது.

வாசலுக்கு வந்தோம். ரோஷினி கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தெருவில் பிள்ளைகள் ஓடிக்கொண்டிருந்தார்கள். யாரும் இவளைக் கவனிக்கவில்லை. இவளும் அசையவில்லை. இந்த நிற்றலும் எனக்குத் தெரியும்.

மித்ரா அவளைப் பார்த்தாள். விளையாட்டை விட்டுவிட்டு நேராக வந்தாள்.

"ஏட்டி, நீயும் வாறியா?"

சென்னையில் பிறந்த என் மகள்! ஏட்டியாம்! மூர்த்தி என்னைத் திரும்பிப் பார்த்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால், அவள் முடிக்கவில்லை.

"நீதான் இந்த வீட்டுக்கு வரப்போறியா? அப்போ கேட்டுக்கோ. இவங்க எல்லாரும் ஜூன்ல போயிருவாங்க. அப்புறம் நீ மட்டும்தான். ஆறு மணிக்கு எல்லா வீட்டுலயும் லைட்டு போடணும். நந்தனா வீட்டுல மட்டும் ஸ்விட்ச் உசரத்துல இருக்கும். ஸ்டூல் போட்டுக்கோ, பின்னாடி இருக்கு."

வேலையை ஒப்படைக்கிறாள். வங்கியில் நாங்கள் சார்ஜ் கொடுப்போமே, அதே மாதிரி.

சுனிதா என்னைப் பார்த்தாள். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். பூட்டிய வீடுகள், சாவிகள், மழை நாள், பாம்புக்கட்டம்... சுனிதா ரோஷினியின் தோளைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

அண்ணாச்சிக்கு மனசு வருந்திவிட்டது. "என்ன மக்ளே இப்பிடிச் சொல்லுதிய? நான் பொய்யா சொன்னேன்? கண்ணு முன்னால பிள்ளையோ ஓடல்லியா?"

"பொய் இல்ல அண்ணாச்சி. மே மாசம்லா."

அதற்குள் பிள்ளைகள் இரண்டும் பேச ஆரம்பித்துவிட்டன.

"நீ எங்க போற?" என்று ரோஷினி கேட்டாள்.

"டவுனுக்கு."

"எதுக்கு?"

"இங்க யாருமே இல்லல்ல."

"நான் வந்தா இருப்பேனே?"

மித்ரா யோசித்தாள். கணக்குப் போடும்போது புருவத்தைச் சுருக்குவாள், அப்படி. என்னிடம் திரும்பினாள். "அம்மா, இவ இங்க வந்தா ஆள் இருக்கு. அப்புறம் நாம எதுக்குப் போகணும்?"

"நாம போனாத்தான் மித்து அவங்களுக்கு வீடு கிடைக்கும்."

"வீடா இல்ல? வருஷம் பூரா அஞ்சு வீட்டுச் சாவி வச்சிருந்தோமே!"

மூர்த்தி முதலில் சிரித்தார். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு எதிர் வீட்டைப் பார்த்தார். நானும் பார்த்தேன். அண்ணாச்சியும் பார்த்தார். கீழே மூன்று அறை, மேலே மூன்று அறை, வெளிப் படிக்கட்டு. தோஹா சுகுமாரன் வீடு. இந்த வருஷமும் அவர்கள் வரப்போவதில்லை. பையனுக்குக் கல்லூரி அட்மிஷன் அலைச்சல்.

அங்கேயே நின்று போன் போட்டேன். சுகுமாரனுக்குச் சுருக்கென்றுவிட்டது. "வாடகைக்கு விடதுக்கா அக்கா நான் வீடு கெட்டுனேன்? ஊருல என்ன பேசுவாவ? சுகுமாரனுக்கு அங்க பொழப்பு சரியில்லன்னுல்லா சொல்லுவாவ."

நம்ம ஊரில் வீடு பூட்டிக் கிடக்கலாம், சிலந்தி வலை பின்னலாம், அதெல்லாம் கௌரவம். உள்ளே மனுஷர் குடியிருந்தால்தான் கௌரவக் குறைச்சல்! எனக்கு வாய் துறுதுறுத்தது. நல்லவேளை, அண்ணாச்சி போனை வாங்கிக்கொண்டார். நாங்கள் அவர் வீட்டிலேயே இருந்துவிட்டால் அவருக்கும் நஷ்டம் இல்லையே!

"லே சுகுமாரா, நான் சொல்லுகத கேளு. பூட்டிப் போட்டா சவம், கதவெல்லாம் செல்லு அரிச்சுப் போகும். வாத்தியாரு குடும்பமாக்கும், நல்ல ஆளுவ. மேல நீ வச்சுக்கோ, யாரும் தொட மாட்டாவ. கீழ நாலு பேரு பொழங்கட்டும். பிள்ளைக்கு வேண்டியாக்கும் கேக்குதோம், மக்கா."

பொண்டாட்டியிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றார் சுகுமாரன். இரண்டு நாள் கழித்துச் சரி என்றார். சுனிதா குடும்பம் எதிர் வீட்டுக்கு, நாங்கள் இங்கேயே என்று ஆயிற்று. டவுன் வீட்டுக்குக் கொடுத்த டோக்கன் போனது போனதுதான். அதைப் பற்றி மூர்த்தி இன்றுவரை வாய் திறக்கவில்லை. நானும் தோசையைக் கருகவிடவில்லை.

ஆகவே, பதினான்கு பெட்டி. முதுகுவலி.

இதில் உங்களுக்கு என்ன என்று கேட்பீர்கள். குழந்தையோடு இடம் மாறுகிறவர்கள் இப்போதும் எனக்கு எழுதிக் கேட்கிறார்கள் — டவுனா, வெளியேயா? போன வருஷம் தெரிந்த பதில் இந்த வருஷம் தெரியவில்லை. இங்கே இன்னும் மித்ரா ஏழு மணி வேனில் தூங்கி வழிகிறாள். நான் பஸ்ஸில் நின்றுகொண்டே வருகிறேன். ஒரு இருமல் மருந்துக்கு மூர்த்தி வண்டியை எடுக்க வேண்டியிருக்கிறது. டவுனில் இருந்தால் இதெல்லாம் இல்லை. அந்த ஷட்டில் காம்பவுண்டில் அவள் சந்தோஷமாகவும் இருந்திருக்கலாம், யார் கண்டது? எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான். வீட்டைப் பள்ளிக்கூட லீவில் பார்க்காதீர்கள். ஒரு சாதாரணப் புதன்கிழமை ஐந்து மணிக்குப் போங்கள். சதுரஅடியும் தண்ணீரும் கேட்கிற வாயால், இங்கே என் பிள்ளையை யார் கூப்பிடுவார்கள் என்றும் கேளுங்கள். கூச்சப்பட வேண்டாம்.

ஜூன் பிறந்தது. நந்தனா போனாள். மற்றவர்களும் போனார்கள். வழக்கம்போலக் கேட்டில் நின்று சாவி கொடுத்தார்கள், இந்தத் தடவை நாலு. மித்ரா அழுதாள், நன்றாக மூக்கைச் சிந்தி அழுதாள். அப்புறம் எதிர் வீட்டுக்குப் போய்விட்டாள்.

போன வியாழக்கிழமை. நான் பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்குள் நுழைகிறேன், மித்ரா வாசலிலிருந்து புயலாக வந்து கதவை அறைந்து சாத்தினாள். முழங்கையில் நகக் கீறல். முகம் சிவந்து கிடந்தது.

"இனிமே ரோஷினிகூட நான் பேசவே மாட்டேன்! செத்தாலும் பேச மாட்டேன்! என் சைக்கிள கேக்காம எடுத்துட்டுப் போயிட்டு, நான் புடுங்கினேன்னு என்னைக் கிள்ளுறா! அவ அம்மாகிட்ட நான்தான் அடிச்சேன்னு சொல்லுறா!"

"நீ அடிச்சியா?"

"ஆமா!"

நான் அடுக்களைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். சிரிப்பா அழுகையா என்று எனக்கே தெரியவில்லை, இரண்டும் சேர்ந்து வந்தது. சண்டை! பத்து வயதாகிறது, என் பிள்ளை இதுவரை யாரிடமும் சண்டை போட்டதில்லை. சமர்த்து, சமர்த்து என்று எல்லாரும் மெச்சினார்கள். சண்டை போட ஓர் ஆள் இல்லாமல் இருந்தாள் என்பது எனக்கு உறைக்கவே இல்லையே.

சற்று நேரத்தில் சுனிதா ஓடி வந்தாள், கையைப் பிசைந்துகொண்டு. "அக்கா, மன்னிச்சிருங்க. பிள்ளைய நல்லா ரெண்டு சத்தம் போட்டேன். இனி ரெண்டு நாளு அவள இந்தப் பக்கம் விட மாட்டேன்."

"நல்லா இருக்கே கதை" என்றேன். "நாளைக்கு நாலே முக்காலுக்கே அனுப்பு சுனிதா. மீதிச் சண்டைய மித்து யாருகூடப் போடுவா?"